மாப்பிள்ளை வாய்க்கால் தாண்டினான்

என் மரப்பொம்மை மாப்பிள்ளை நன்றாக நடந்தான். கும்பிட்டான், உட்கார்ந்தான், மாமியார் பரிமாறியதைத் தலையை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டான். குதி என்றால் மட்டும் குதிக்க மாட்டேன் என்றான். நேராக மேலே போவான், கொஞ்ச நேரம் அப்படியே தொங்குவான், அப்புறம் அக்கட்ட போய் இறங்குவான். ஆறாவது படிக்கும் அக்கா மகள் பார்த்துவிட்டு, "லிஃப்டுல போறாப்ல இருக்குதுங் மாமா" என்றாள். அதோடு அன்றைய ஒத்திகை முடிந்தது.

நான் சென்னிமலைப் பக்கம் தறி வைத்திருக்கிறேன். பெட்ஷீட் ஓட்டுகிறோம். பொம்மலாட்டம் எங்கள் வீட்டுத் தொழில் அல்ல. விநாயகர் சதுர்த்திக்கு எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் முன்னால் வருசா வருசம் மைக் செட் போட்டுப் பாட்டுதான். இந்த வருசம் பிள்ளைகளுக்காக ஏதாவது செய்யலாம் என்று அக்கா சொன்னாள். நூல் என்றால் நமக்குத் தெரியாததா என்ற தைரியத்தில், பொம்மலாட்டம் போடலாம் என்று நான் வாயை விட்டேன். ஆனி மாதக் கடைசியில் விட்ட வாய், ஆவணி வரைக்கும் தூங்க விடவில்லை.

எந்தக் கதை என்பதில் ஒரு நாள் போனது. கொங்கு நாட்டில் கதை என்றால் முதலில் வாயில் வருவது அண்ணன்மார் கதைதான். ஆனால் அது உடுக்கை அடித்து இரவெல்லாம் பாடுகிற கதை, படுகளம் வரைக்கும் போய்த்தான் முடியும். நாலு வயசுப் பிள்ளை மடியில் உட்கார்ந்து பார்க்கும் சமாச்சாரம் இல்லை. சதுர்த்திக்குப் பொருத்தமாக அம்மாயி சொன்ன கொழுக்கட்டைக் கதையையே எடுத்தோம். உங்களுக்கும் தெரிந்திருக்கும். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை, பெயர் மறந்துவிடக் கூடாதென்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே ஊருக்கு நடக்கிறான். வழியில் வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று ஒரு தாண்டு தாண்டுகிறான். தாண்டிய பிறகு வாயில் நிற்பது அத்திரிபாச்சாதான். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் அத்திரிபாச்சா சுட்டுக் கொடு என்கிறான்.

அடுத்தது தகராறான இடம். அம்மாயி சொன்ன கதையில், தெரியாது என்ற பெண்டாட்டியை அவன் அடிக்கிறான். நெற்றி கொழுக்கட்டையாட்டம் வீங்குகிறது. அதைப் பார்த்து யாரோ சொல்ல, அவனுக்குப் பெயர் ஞாபகம் வருகிறது. "அதை மட்டும் பிள்ளைங்க முன்னாடி ஆட்டாதே" என்றாள் அக்கா. மாற்றினோம். கோபத்தில் வெடுக்கென்று திரும்பும் மாப்பிள்ளை, குனியாமல் போய் வாசல் நிலவில், அதுதான் நிலைக்கட்டையில், தலையை இடித்துக்கொள்கிறான், வீங்குவது அவன் நெற்றி. கதையை மாற்றுகிறோமே என்று பயந்துகொண்டே அம்மாயியிடம் சொன்னேன். "அப்படித்தாங் கண்ணு இருக்கோணும். அவந்தலை வீங்கட்டும்" என்றது. எழுபது வருசமாக அந்தக் கதையைச் சொல்லி வந்தவர்.

தலைகளுக்குக் கல்யாண முருங்கை மரம். பொம்மலாட்டக்காரர்கள் எடுப்பதும் அதுதான். லேசாக இருக்கும், சின்ன உளிக்கே வழிவிடும். எங்கள் பக்கம் வேலியிலேயே நிற்கிறது, இலையை வேண்டுமானால் அடை சுடக் கேட்டு வாங்கிப்போவார்கள். ஒரு கை மொத்தக் கிளையாக வெட்டி மூன்று துண்டு போட்டேன். தச்சு வேலை செய்யும் அண்ணன், நிழலில் இரண்டு மாதமாவது கிடக்கட்டும் என்றார். எனக்கு எங்கே இரண்டு மாதம்? பன்னிரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டுச் செதுக்கினேன். மூக்கு, காது, கன்னம் எல்லாம் வந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடிக்கலாம் என்று எடுத்தால், மாப்பிள்ளைக்குக் காதிலிருந்து தாடை வரைக்கும் வெடிப்பு. வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், நடுவில் கிழியாமல் என்ன செய்யும். செதுக்கிய தூளையே ஃபெவிகாலில் குழைத்து வெடிப்புக்குள் கத்தி முனையால் திணித்தேன். இரண்டாம் நாள் பக்கத்திலேயே முடி அகலத்துக்கு இன்னொரு வெடிப்பு. அதையும் அடைத்தேன். மற்ற இரண்டு தலைகளையும் அதற்கப்புறம் சாக்கில் சுற்றி அட்டாரியில் போட்டு, கொஞ்ச நாள் தொடவில்லை. அவை வெடிக்கவில்லை.

முழங்காலுக்குப் பழைய செருப்புத் தோல். தொடைக்கட்டையிலும் கால்கட்டையிலும் ரம்பத்தால் ஒரு கீறல், இரண்டுக்கும் நடுவில் விரல் அகலத் தோல் துண்டு, இரண்டு பக்கமும் ஆணி. முன்பக்கம் கட்டைகள் ஒன்றோடொன்று முட்ட வேண்டும், பின்பக்கம் மட்டும் சரிவாகச் சீவ வேண்டும். அப்போதுதான் கால் பின்னால் மட்டும் மடங்கும். முதல் காலை இரண்டு பக்கமும் சீவித் தொலைத்தேன். அது கொக்குக் கால் மாதிரி முன்னாலும் மடங்கியது. முழங்கைக்கு இவ்வளவு பாடு இல்லை, இரண்டு வளையக் கொக்கியை ஒன்றுக்குள் ஒன்று மாட்டினால் போதும்.

துணி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திருப்பூர் கட்டிங் வேஸ்ட் ஒரு பை, அக்கா தைத்தாள்.

நூல் விசயத்தில்தான் என் கர்வம் உடைந்தது. முதலில் கட்டியது நம் தறி நூல்தான், நாலு இழை முறுக்கியது. பொம்மையைத் தூக்கியதும் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. மாமியாரைப் பார்த்துக் கும்பிட வேண்டிய மாப்பிள்ளை, சுவரைப் பார்த்துக் கும்பிட்டான். கனம் தொங்கினால் முறுக்கு நூல் பிரியப் பார்க்கும். பிரியும்போது தொங்குவதையும் சேர்த்துச் சுற்றும். இது தெரியாத நெசவாளி உண்டா? ஆனாலும் செய்தேன். அடுத்தது தூண்டில் நரம்பு. அது திரும்பாது. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் ஒன்பது நரம்பும் பளபளவென்று மின்னியது. சுருளில் இருந்த வளைவும் கடைசிவரை போகவில்லை. ஈரோட்டில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் பின்னல் நூல் கிடைத்தது, கறுப்பு. ஷூ லேஸ் மாதிரி பின்னியது, ஆனால் தையல் நூல் மொத்தம்தான். பின்னலில் இழைகள் இடமும் வலமுமாகப் போவதால் சுற்றும் ஆசை அதற்கு இல்லை. தேன்மெழுகு தடவிக் கட்டினேன். தலைக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, முதுகுக்கு ஒன்று, கைக்கு இரண்டு, முழங்காலுக்கு இரண்டு. மொத்தம் ஒன்பது.

இதில் ஒரு நுணுக்கம். உடம்பின் கனத்தைத் தோள் நூல்தான் தாங்க வேண்டும். தலை நூல், தலை தொங்கிவிடாமல் பிடிக்கும் அளவுக்கு மட்டும். நான் முதலில் எல்லாவற்றையும் தலையிலேயே தொங்கவிட்டேன். தூக்குப் போட்டவன் மாதிரி விறைப்பாக நின்றான், தலையாட்ட முடியவில்லை. தறிக்கு மேலிருந்து நூல்களைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு நூல் கட்டும்போது மட்டம் சரிபார்க்க ஒரு சுருக்கு முடிச்சுப் போடுவோம், இழுத்தால் ஏறும், தள்ளினால் இறங்கும். அதையே, நூல்களை எல்லாம் கட்டிக் கையில் பிடிக்கும் பிடிகட்டையில் போட்டுத் தோளை அரை அங்குலம் ஏற்றியதும் தலை விடுபட்டது.

சரி, குதிக்காத மாப்பிள்ளைக்கு வருகிறேன்.

போன வருசம் கோயமுத்தூரில் கும்பகோணம் பக்கத்துக் குழு ஒன்றின் ஆட்டத்தைப் பார்த்திருந்தேன். அவர்கள் முறை வேறு. ஆட்டுகிறவர் தலையில் சும்மாடு மாதிரித் துணி சுற்றிய இரும்பு வளையம். பொம்மையின் நூல்கள் அதிலிருந்து தொங்கும். கைகளுக்கு நூல் கிடையாது, மேலிருந்து கம்பி. ஆட்டுகிறவர் தலையைச் சாய்த்தால் பொம்மையும் சாயும், அவர் ஆடினால் அதுவும் ஆடும். அந்தப் பொம்மைகள் நாலரை அடி உயரம் வரை இருக்கும், பத்துக் கிலோ வரை கனக்கும். அன்றைக்கு ஐயோ பாவம் கழுத்து என்று நினைத்தேனே தவிர, அவ்வளவு கனம் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. மாப்பிள்ளை குதிக்காதபோது நானும் ஒரு வளையம் செய்து தலையில் மாட்டிப் பார்த்தேன். ஒன்றரை அடிப் பொம்மைக்கு அது தேவையே இல்லை; கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்.

இதற்கு நடுவில் ஆடிக் காற்று வேறு. தறிக் குடோனுக்குள் ஒழுங்காக ஆடியவர்களைக் கோயில் முன்னால் ஒருநாள் கொண்டுபோய்ப் பார்த்தோம். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று, நம் ஊர் வேப்பமரத்தையே சாய்த்துப் பிடிக்கிறது, நானூற்றுப் பத்து கிராம் மாப்பிள்ளை எம்மாத்திரம்? கொடியில் காயும் துண்டு மாதிரிப் பக்கவாட்டில் பறந்தான். எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினோம்.

மறுநாள் காலையில் தறியில் பழுது. ஜக்கார்டு பெட்டியிலிருந்து ஒரு நூல் மேலேயே நின்றுவிட்டது, இறங்கவில்லை. குனிந்து பார்த்தால் அடியில் தொங்கும் கம்பி அறுந்து விழுந்து கிடந்தது. அந்தக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜக்கார்டில் ஒவ்வொரு நூலுக்கும் அடியில் பேனா ரீஃபில் மொத்தத்தில் ஓர் இரும்புக் கம்பி தொங்கும். மேலே இழுப்பதுதான் பெட்டியின் வேலை. கீழே கொண்டுவருவது அந்தக் கம்பியின் கனம். கனம் இல்லாவிட்டால் தூக்கியது தூக்கிய இடத்திலேயே நிற்கும். இருபது வருசமாக இதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்! நூலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், நூலுக்கு எதிர்ப்பக்கம் இழுக்க ஒன்று வேண்டும் என்பதை மறந்தேன்.

கால்கட்டைகளின் அடியில் துளை போட்டு, உடைந்த கம்பிகளையும் நட்டுகளையும் இறுக்கித் திணித்து மரத்தூள் பசையால் மூடினேன், ஒரு காலுக்கு 120 கிராம். இடுப்புக்குள் 150. உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு நட்டு, 25 கிராம். ஈயம் வைத்தால் சுலபம், ஆனால் பிள்ளைகள் தொடுகிற சாமான், வேண்டாம் என்று விட்டேன். மொத்தம் 850 கிராம். தூக்கிப் பார்த்தேன். ஆள் மாறிவிட்டான். காலை எடுத்து வைத்தால் தரையில் 'டொக்'. கையை உயர்த்தி விட்டால் தானாக விழுந்து தொடையில் இடித்து நின்றது. நடையில் ஓர் அலட்சியமே வந்துவிட்டது, மாமியார் வீட்டுக்குப் போகிற நடை.

குதிப்பதற்கு இன்னும் ஒன்று மீதி இருந்தது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பவானிசாகரிலிருந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். இருநூறு கிலோமீட்டர் வாய்க்கால், எங்களுக்கு வந்து சேரச் சில நாள் ஆகும். கொப்பு வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று பையன்கள் எல்லாம் அங்கேதான். அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்தேன். பத்துப் பதினைந்து தாண்டல் பார்த்த பிறகு அவள்தான் சொன்னாள்: "மாமா, எல்லாரும் மேல போறதுக்கு முன்னாடி கீழ போறாங்க." ஆமாம். முழங்காலை மடக்கி, பின்பக்கம் தாழ்ந்து, ஒரு நொடி அப்படியே இருந்துவிட்டுத்தான் எழும்புகிறார்கள். அந்த ஒரு நொடிதான் குதி. காற்றில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

வந்து செய்து பார்த்தோம். பிடிகட்டையை இரண்டு அங்குலம் இறக்க வேண்டும். பாதம் தரையிலேயே இருக்கும், கனம் அங்கே இருப்பதால். முழங்கால் மடங்கும், மாப்பிள்ளை குந்துவான். ஒன்று எண்ணிவிட்டு, வெசையாக மேலே. அதே நேரத்தில் முழங்கால் நூல் இரண்டையும் ஒட்டுக்கா இழுக்க வேண்டும். அக்கட்ட இறங்கும்போது நிற்கும் உயரத்துக்கும் கீழே ஓர் அங்குலம் விட்டு, அப்புறம் நிமிர்த்த வேண்டும். இறங்கும் நேரத்துக்கு அக்கா பலகையில் கொட்டாங்கச்சியால் ஒரு தட்டு. "அத்திரிபாச்சா!" முதல் தடவையே அம்மாயி கட்டிலிலிருந்து, "தாண்டீட்டானே!" என்றது. வள்ளுவர் மரப்பாவையை நாணால் உயிர்மருட்டுவது என்று நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் சொல்கிறார். மருட்டுவது என்ற சொல்லை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

நெற்றி வீக்கத்துக்கு நான் போட்ட முதல் திட்டம் ரொம்பப் பெரியது. நெற்றியில் ஓட்டை, உள்ளே பலூன், முதுகு வழியாக மருந்துக்கடைக் குழாய், மேலிருந்து ஊதினால் வீங்கும். ஊதினேன். கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு வீங்கியது. இரண்டாம் ஒத்திகையில் வெடித்தது. நாலு நாள் வேலை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மரத்திலேயே ஒரு கொழுக்கட்டை செதுக்கி நெற்றியில் நிரந்தரமாக ஒட்டினேன். அதை மறைக்கத் தலையில் உருமால். உருமாலுக்குப் பத்தாவதாக ஒரு நூல். நிலவில் இடித்ததும் நூலை இழுத்தால் உருமால் பின்னால் சரியும், கொழுக்கட்டை வெளியே தெரியும். பத்து நிமிச வேலை.

மேடைக்கு நாலு மூங்கில், பின்னால் செகண்ட்ஸில் ஒதுக்கிய கறுப்பு பெட்ஷீட், ஆறடிக்கு மூன்றடி திறப்பு. பின்னால் பெஞ்சு மேல் நின்று, நெஞ்சு உயரத்தில் கட்டிய மூங்கிலில் சாய்ந்துகொண்டு ஆட்டுவது. அந்த மூங்கில் இல்லாவிட்டால் இடுப்பு தாங்காது.

சதுர்த்தி அன்று சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்தோம். அறுபது பிள்ளைகள் இருக்கும். காற்று அடித்தது, ஆனால் சேலை முந்தானைதான் ஆடியது, ஆட்கள் ஆடவில்லை. மாமியார் வீடு நன்றாகப் போனது. மாப்பிள்ளை குந்தினான், எழும்பினான், தாண்டினான். கைதட்டல். அந்தக் கைதட்டலுக்குள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி 'பட்' என்று ஒரு சத்தம். இடது முழங்கால் நூல் அறுந்துவிட்டது. கால் தரையில் இழுபட ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, மாப்பிள்ளை குரலிலேயே, "அய்யோ சாமி, தாண்டுனதுல காலு பெசகிருச்சுங்களே!" என்றாள். மிச்சக் கதை முழுவதும் நொண்டிக்கொண்டே போனான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவ்வளவு உயரம் தாண்டியிருக்கிறான்.

நாங்கள் எதிர்பார்க்காத இன்னொன்று நடந்தது. அவன் "அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா" என்று சொல்லிக்கொண்டு போகும்போது முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. "கொழுக்கட்டை! கொழுக்கட்டை!" என்று கத்திவிட்டார்கள். கதையே அதோடு முடிந்தது, பெயர் தெரிந்துவிட்டதே! எனக்குக் கை நின்றுவிட்டது. அக்கா மறுபடி காப்பாற்றினாள். "என்னுங்? காத்துல ஒண்ணும் கேக்கலீங்" என்றாள். நான் அவன் கையைக் காதுக்குத் தூக்கினேன். இன்னும் பலமாகக் கத்தினார்கள். "என்னது, குழந்தைக்குச் சட்டையா?" அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. இருபத்திரண்டு நிமிச ஆட்டம் முப்பத்தைந்து நிமிசம் ஓடியது. நிலவில் இடித்து, உருமால் சரிந்து, பெண்டாட்டி, "ஏனுங், நெத்தி கொழுக்கட்டையாட்ட வீங்கிக் கெடக்குதே!" என்று சொல்லும்போது, அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை, அறுபது பேரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள்.

முடிந்ததும் கொழுக்கட்டை கொடுத்தோம். பாதிப் பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஏறிவிட்டார்கள். நான் தொட்டுப் பார்க்கிறேன், நான் ஆட்டுகிறேன் என்று மூன்று பொம்மைகளும் கை மாறிக் கை மாறி, இருபத்தெட்டு நூலும் ஒரே சிக்கல். இரவு பதினொரு மணி வரை குடோனில் உட்கார்ந்து பிரித்தேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப் பை தைத்திருக்கிறோம். பிடிகட்டையைப் பிடித்துப் பொம்மையை ஒரே பக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டால் நூலெல்லாம் ஒரு கயிறாகிவிடும், சிக்காது. எடுக்கும்போது எதிர்ப்பக்கம் சுற்றினால் பிரிந்துவிடும்.

அறுந்த நூலையும் பார்த்தேன். குற்றம் நூலில் இல்லை. வளையக் கொக்கியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு. ஒவ்வொரு ஒத்திகையிலும் அதே இடத்தில் அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லாக் கொக்கியின் வாயையும் அரம் போட்டு, உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தேன். குதிக்கும் காலுக்கு மட்டும் நூலைக் கொக்கியில் கட்டாமல், நடுவில் ஒரு பாசிமணி கோத்துக் கட்டியிருக்கிறேன். தாடை வெடிப்பு மறுபடி லேசாகத் தெரிகிறது. அதை மழைக்காலம் முடிந்து பார்க்கலாம்.

அக்கா மகளுக்கு அடுத்த தடவை மாப்பிள்ளையை அவளே ஆட்ட வேண்டுமாம். பத்து நிமிசம் பிடித்துப் பார்த்துவிட்டுக் கை வலிக்குது, கம்பியை எடுத்துருங்க மாமா என்றாள். கம்பியை எடுக்கவில்லை. பிடிகட்டையை அவள் கைக்குத் தகுந்த மாதிரி சின்னதாக அறுத்துக் கொடுத்திருக்கிறேன்.